கதிரை, கிணறு, அடுப்பு: யாழ்ப்பாணத் திருச்சபைகளில் தாழ்மையும் ஒப்பிடுதலும்

சாவகச்சேரிக்குள் ஏ-9 வீதியால் வருகிறவர் சந்தையைத் தாண்டுவதற்குள் ஊரின் பெருமைகளில் பாதியைப் படித்துவிடலாம். புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியெய்திய பிள்ளைகளின் படங்கள், மருத்துவபீடத்துக்குத் தெரிவான மாணவனுக்கு ஒரு பதாகை, தனியார் கல்வி நிலையமொன்றின் பெறுபேற்றுப் பட்டியல், மதில்களில் நன்கொடையாளர் பெயர் பொறித்த கற்கள். ஒரு வீட்டுப் பிள்ளை எடுத்த புள்ளி அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சோறு போடும்போது சொல்லப்படும். வெளிநாட்டுக் காசில் எழும்பிய மாடி, பக்கத்து வளவின் ஓட்டு வீட்டை ஒரே வருடத்தில் பழசாக்கிவிடும்.

சைவர்கள் பெரும்பான்மையான இந்த ஊரில் கத்தோலிக்கரின் லிகோரியார் ஆலயமும், அமெரிக்க மிஷன் வழிவந்த தென்னிந்தியத் திருச்சபையும், அண்மைக் காலத்தில் முளைத்த சுயாதீன சபைகளும் இருக்கின்றன. அங்கெல்லாம் தாழ்மை பிரசங்கிக்கப்படுகிறது, உருக்கமாகவே பிரசங்கிக்கப்படுகிறது. திங்கட்கிழமை காலையில் அதே மக்கள் அதே பதாகைகளுக்குக் கீழால் வேலைக்குப் போகிறார்கள், அவர்களில் சிலர் புதிய பதாகை ஒன்றுக்குப் பணமும் சேர்க்கிறார்கள்.

பிரசங்கம் வலுவற்றதா, கேட்பவர் மனம் கல்லா என்று கேட்பது வழக்கம். அதைவிட முன்னதாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒப்பிடும் பழக்கம் மனத்தில் மட்டும்தானா இருக்கிறது? யார் எங்கே உட்காருவது, யார் சமைத்ததை யார் உண்பது, யாருடைய பெயர் எந்த வரிசையில் எழுதப்படுவது என்ற ஏற்பாடுகளிலும் அது குடியிருக்கிறது என்றால், மனத்தை மட்டும் நோக்கிய போதனை அதை எட்டுமா? யாழ்ப்பாணக் கிறிஸ்தவத்தின் நீண்ட அனுபவம் இந்தக் கேள்விக்கு நிறையவே பதில் வைத்திருக்கிறது.

வேதாகமத்தில் இருக்கும் இரண்டு குரல்கள்

சுவிசேஷங்களில் ஒப்பிடுதல் பற்றிய சம்பவங்களைத் திரட்டினால் அவற்றில் பல இருக்கையையும் உணவையும் கூலியையும் பற்றியவை என்பது தெரியும். விருந்துக்கு வந்தவர்கள் முதன்மையான இடங்களைத் தேடி உட்காருவதைக் கண்டு இயேசு சொன்ன உவமை லூக்கா 14ஆம் அதிகாரத்தில் வருகிறது. வலப்பக்கத்திலும் இடப்பக்கத்திலும் தம் பிள்ளைகளுக்கு இடம் கேட்டு வருகிறார் செபதேயுவின் மனைவி. கடைசி மணியில் வந்தவனுக்கும் அதே கூலியா என்று முறுமுறுக்கிறார்கள் திராட்சைத் தோட்ட வேலைக்காரர். உயிர்த்தெழுந்த இயேசுவோடு கடற்கரையில் நிற்கும் பேதுருகூட, தன் எதிர்காலத்தைக் கேட்டறிந்த கையோடு, பின்னால் வரும் மற்றச் சீடனுக்கு என்ன ஆகும் என்று விசாரிக்கிறார். அது உனக்கு எதற்கு என்ற பொருளில் அவருக்குப் பதில் கிடைக்கிறது.

எல்லாவற்றிலும் கூர்மையானது பரிசேயனும் ஆயக்காரனும் ஆலயத்துக்குப் போன கதை. பரிசேயன் பொய் சொல்லவில்லை. உபவாசம் இருந்தான், தசமபாகம் கொடுத்தான், எல்லாம் உண்மை. அவன் ஜெபத்தைக் கெடுத்தது, பக்கத்தில் நின்றவனை அளவுகோலாக எடுத்துக்கொண்டதுதான். இந்தக் கதையைக் கேட்டு முடித்ததும், "நல்ல காலம், நான் அந்தப் பரிசேயனைப் போல இல்லை" என்று நினைக்காத சபையார் குறைவு. அந்த நினைப்போடு கதை தொடக்கத்துக்கே திரும்பிவிடுகிறது.

பவுலிடம் நிலைமை இன்னும் சுவாரசியம். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 10ஆம் அதிகாரத்தில், தங்களைத் தங்களோடே ஒப்பிட்டுக்கொள்கிறவர்கள் புத்தியில்லாதவர்கள் என்கிறார். அதே நிருபத்தின் 8ஆம் அதிகாரத்திலோ மக்கெதோனியாவின் ஏழைச் சபைகள் தங்கள் சக்திக்கு மிஞ்சிக் கொடுத்ததை எடுத்துக்காட்டி, வசதியான கொரிந்தியரைக் கொடுக்கத் தூண்டுகிறார். ஆகவே பக்கத்துச் சபையைப் பார்ப்பதே குற்றம் என்று பவுலின் பெயரால் சொல்லிவிட முடியாது. பார்த்தபின் என்ன செய்வது என்பதில்தான் வேறுபாடு.

பிற்காலத் திருச்சபை இந்த விடயத்தில் இரண்டு வழிகளில் சென்றது. அகுஸ்தீன் ஏறக்குறைய 410இல் தியோஸ்கோருஸ் என்ற இளைஞனுக்கு எழுதிய கடிதத்தில், கடவுளிடம் போகும் வழியில் முதலாவதும் தாழ்மை, இரண்டாவதும் அதுவே, மூன்றாவதும் அதுவே என்று அடுக்கினார். இது உள்ளத்தை நோக்கிய போதனை. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய துறவற ஒழுங்கும் 7ஆம் அதிகாரத்தில் தாழ்மைக்குப் பன்னிரண்டு படிகள் வைக்கிறது. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. 35ஆம் அதிகாரத்தில், சகோதரர் எல்லாரும் முறை வைத்துச் சமையலறையில் பரிமாறவேண்டும் என்கிறார். 63ஆம் அதிகாரத்தில், மடத்தில் ஒருவரின் இடம் அவர் சேர்ந்த நேரத்தைப் பொறுத்தது என்கிறார். விடியலில் வந்த உழவன் மகன், காலை எட்டு மணிக்கு வந்த பிரபுவின் மகனுக்கு மூத்தவன். படிகளை ஏறச்சொன்ன அதே மனிதர், ஏணியைச் சாய்த்து வைக்கும் சுவரையும் மாற்றிவிட்டார்.

இருபதாம் நூற்றாண்டில் சி. எஸ். லூயிஸ் 1952இல் வெளியான நூலில், பெருமைக்கு இன்பம் தருவது ஒன்றை வைத்திருப்பது அல்ல, அடுத்தவனைவிடக் கூட வைத்திருப்பது என்று விளக்கினார். இரண்டு வருடம் கழித்து, 1954இல், சமூக உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் சமூக ஒப்பீட்டுக் கோட்பாட்டை முன்வைத்தார். மனிதர் தங்கள் திறமையை அளக்க வேறு அளவுகோல் இல்லாதபோது பிறரைப் பார்க்கிறார்கள். அதுவும் தங்களைப் போன்றவர்களையே பார்க்கிறார்கள் என்பது அதன் சாரம். சாவகச்சேரிக்குப் பக்கத்து மீசாலைக்காரர் உலகக் கோடீசுவரரைப் பார்த்து ஏங்குவதில்லை. தன்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்து இப்போது ரொறன்ரோவில் இருக்கும் மச்சானைப் பார்த்துத்தான் பெருமூச்சு விடுகிறார்.

தோம்பும் கிணறும்

யாழ்ப்பாணத்தில் ஞானஸ்நானம் ஆரம்பத்திலேயே ஒரு தகுதிச் சான்றாகிவிட்டது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தரோடு வந்த போதகர் பிலிப்பு பால்தேயு 1672இல் வெளியிட்ட நூலில் குடாநாட்டின் ஆலயங்களையும் பள்ளிகளையும் ஊர் ஊராக விவரித்தார். நாவற்குழி, சாவகச்சேரி, கச்சாய், வரணி, எழுதுமட்டுவாள் என்று சாவகச்சேரியைச் சூழ்ந்த தென்மராட்சி முழுவதும் அதில் வருகிறது. அந்த ஆட்சியில் தோம்பு எனப்பட்ட கிராமப் பள்ளிப் பதிவேடுகளில் பெயர் இருப்பது திருமணத்துக்கும் முதுசத்துக்கும் உத்தியோகத்துக்கும் வேண்டியதாயிற்று. மக்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். வீட்டுக்குள் விபூதியும் இருந்தது. ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் தளர்ந்ததும் ஆயிரக்கணக்கானோர் பதிவேடுகளிலிருந்து கரைந்துபோனார்கள். தாழ்மையைப் போதிக்கும் சமயம் பதவிக்குப் படியாக வந்து சேர்ந்ததால் ஏற்பட்ட முதல் சிக்கல் இது.

1816இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் வேலையைத் தொடங்கினார்கள். 1830களில் அவர்களின் பணி சாவகச்சேரிக்கும் வந்தது. விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்தபோது அவர்கள் எதிர்கொண்ட முதல் தடை வேதசாத்திரத்தில் இருக்கவில்லை, அடுப்பில் இருந்தது. வேளாளப் பிள்ளைகள் மிஷன் வளவுக்குள் சமைத்ததை உண்ண மறுத்தார்கள். பக்கத்துச் சைவர் ஒருவரின் காணியில் தனிச் சமையலறை போடவேண்டி வந்தது.

அடுத்த சிக்கல் கிணறு. மிஷன் வளவுக் கிணற்றில் கிறிஸ்தவரும் பிறரும் அள்ளியதால் அது தீட்டுப்பட்டது என்று பிள்ளைகள் வெளியே போய்த் தண்ணீர் எடுத்தார்கள். அலைச்சல் தாங்காமல் ஒருநாள் அவர்களே ஒரு வழி கண்டார்கள்: கிணற்றை முற்றாக இறைத்துவிட்டால் தீட்டுப் போய்விடும். இறைத்தார்கள், இறைத்தார்கள், ஊற்று விடவில்லை. தீட்டுப்பட்டபோது கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருந்ததோ அவ்வளவையும் வெளியே ஊற்றிவிட்டோம், ஆகவே மிச்சம் இருப்பது புதுத் தண்ணீர் என்று கடைசியில் தங்களுக்குள் முடிவுகட்டினார்கள். அன்றிலிருந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். எமர்சன் டெனன்ட் 1850இல் வெளியிட்ட இலங்கைக் கிறிஸ்தவ வரலாற்றில் இந்தச் சம்பவம் இடம்பெற்றிருக்கிறது. சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் ஒரு பிரசங்கமும் செய்யாததை ஒரு மத்தியானத்துக் கணக்கு செய்துவிட்டது என்பதையும் கவனிக்கவேண்டும். மனம் மாறிய பிறகு அவர்கள் தண்ணீர் குடிக்கவில்லை. குடிக்கத் தொடங்கிய பிறகுதான் மனம் மாற வாய்ப்புக் கிடைத்தது.

1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி இன்னொரு வகை ஏணியைப் போட்டது. அங்கே படித்த பிள்ளைகளுக்குச் செலவு கொடுத்த அமெரிக்க உபகாரிகளின் பெயர்கள் சூட்டப்பட்டன. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அந்தக் காலத்தில் சார்ள்ஸ் வின்ஸ்லோ கிங்ஸ்பெரி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக 1857இல் வெளிவந்தவர்கள் அவரும் அதே செமினரியின் கறல் விசுவநாதபிள்ளையும். யாழ்ப்பாணத்துக்கு இது இன்றும் பெருமை. மிஷன் தலைமையகத்துக்கு இதுவே கவலையாக இருந்தது. கிராமத்தில் சுவிசேஷம் சொல்லப் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்கும் இந்தியாவுக்கும் போகிறார்களே என்று கருதி, மிஷன் செயலாளர் ரூஃபஸ் அண்டர்சன் வந்து பார்த்த 1855ஆம் ஆண்டிலேயே செமினரியை மூடினார்கள். தாழ்மையான ஊழியரை உருவாக்க அமைத்த பள்ளி, ஊரிலேயே மிக உயர்ந்த படியாக மாறிவிட்டது.

மூடிவிட்டதால் ஏணி மறைந்ததா என்றால் இல்லை. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. சைவர்கள் மிஷன் பள்ளிகளைப் பார்த்துத் தங்கள் பள்ளிகளைக் கட்டினார்கள். சாவகச்சேரியில் மிஷனின் ட்றிபேர்க் கல்லூரியும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இந்துக் கல்லூரியும் ஒன்றையொன்று பார்த்தபடியே வளர்ந்தன. இந்தப் போட்டியால் தென்மராட்சிப் பிள்ளைகள் நன்மையே அடைந்தார்கள்.

மானிப்பாயில் இருந்த டொக்டர் சாமுவேல் கிறீன் வேறொரு ஒப்பீட்டைப் பற்றிக் கவலைப்பட்டார். 1847இல் வந்த அவர் மேற்கத்திய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். கிறிஸ்தவரானவர்கள் ஐரோப்பிய உடையையும் நடையையும் பின்பற்றுவது அவருக்குப் பிடிக்கவில்லை. வெள்ளைக்காரனைப் பார்த்துத் தன்னைக் குறைவாக எண்ணுகிறவன், ஊரானைப் பார்த்துத் தன்னை உயர்வாக எண்ணாமல் இருக்கமாட்டான் என்பதை அவர் கண்டிருந்தார்.

ஒரே பந்தி

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் இதே பிரச்சினை இன்னும் கடுமையாக வெடித்தது. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் லுத்தரன் வழிச் சபைகளில் வேளாளரும் மற்றோரும் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். திருவிருந்துக்கும் தனித்தனியாக வந்தார்கள். 1833இல் கல்கத்தா பிஷப் டானியேல் வில்சன், சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முற்றாகவும் கைவிடவேண்டும் என்று கட்டளையிட்டார். பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். எதிர்ப்பின் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர், இன்றும் தமிழ்ச் சபைகள் பாடும் கீர்த்தனைகளை இயற்றிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். அவர் கெட்ட மனிதர் அல்லர். பக்தியில் அவருக்கு ஈடானவர் அந்தத் தலைமுறையில் குறைவு. உட்காரும் இடம் உலக வழக்கு, விசுவாசம் உள்ளத்துக்குரியது என்று இரண்டையும் பிரித்து வைத்தார். தாழ்மையை உள்ளத்தோடு நிறுத்திக்கொண்டால் எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நின்றுவிடும் என்பதற்கு அவர் வாழ்க்கை ஒரு தெளிவான சான்று.

யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்குப் போய் வேர்விட்ட அமெரிக்க மிஷன் வேறு வழியைக் கையாண்டது. 1847இல் அது சபை ஊழியருக்கும் அங்கத்தவருக்கும் அன்பின் விருந்து ஒன்றைச் சோதனையாக வைத்தது: எல்லாச் சாதியாரும் சேர்ந்து உட்கார்ந்து, எவர் சமைத்ததானாலும் உண்ணவேண்டும். உபதேசியார்மார் உட்படப் பலர் மறுத்து இடைநிறுத்தப்பட்டார்கள். கட்டாயப்படுத்தி ஊட்டும் தாழ்மை தாழ்மையா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த விருந்து வரை, யார் எங்கே நிற்கிறார் என்பதைக் காட்ட வேறெந்தக் கருவியும் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் அடுத்த நூற்றாண்டின் போராட்டம் பள்ளி வாங்குகளில் நடந்தது. ஒடுக்கப்பட்ட பிள்ளைகளை நிலத்திலோ வகுப்புக்கு வெளியிலோ இருத்தும் வழக்கம் மிஷன் பள்ளிகளிலும் இருந்தது. 1929ஐ ஒட்டி, அரச உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வேண்டும் என்ற உத்தரவு வந்ததும் எதிர்ப்பு மனுக்கள் கிளம்பின. சில பள்ளிகளுக்குத் தீ வைத்தார்கள். ஹண்டி பேரின்பநாயகம் முதலானோர் 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்துக்கும் சமபந்திக்கும் துணைநின்றது. கிறிஸ்தவரும் சைவரும் கலந்த அந்த இளைஞர் கூட்டம், மாநாட்டுத் தீர்மானத்தோடு இலையிலும் தன் கொள்கையைக் காட்டவேண்டியிருந்தது.

சட்டம் மெதுவாகவே வந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் நிறைவேறியது. அதன் பிறகும் தேநீர்க்கடைகளில் சிலருக்குத் தனிப் பேணியும் போத்தலும் இருந்தன. 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன. அந்தக் காலத்தை எழுதியவர்களில் முதன்மையான இருவர் கிறிஸ்தவப் பெயர்களைத் தாங்கியவர்கள். ஒருவர் 'பஞ்சமர்' எழுதிய கே. டானியல். மற்றவர் டொமினிக் ஜீவா. பள்ளிப் பருவத்திலேயே சாதியால் அவமதிக்கப்பட்டுப் படிப்பை விட்டு, சலூன் தொழிலோடு 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கியவர்.

தாழ்ந்தவர்களுக்குத் தாழ்மையா?

இவர்களைப் போன்றவர்களிடம் போய், "தாழ்மையாக இரு" என்று சொன்னால் அது என்ன அர்த்தம் தரும்? தாழ்மை பற்றிய ஆய்வில் கடந்த அறுபது வருடங்களில் மிகக் கடுமையான விமர்சனம் இங்கிருந்துதான் வந்தது. 1960இல் வலரி செய்விங் என்ற அமெரிக்க இறையியலாளர், அகந்தையையே தலையான பாவமாகச் சொல்வது ஆண்களின் அனுபவத்திலிருந்து வருவது என்று வாதிட்டார். வீட்டில் தன்னையே கரைத்துக்கொள்ளப் பழக்கப்பட்ட பெண்ணின் ஆபத்து, தனக்கென ஒரு நான் இல்லாமற் போவது. யாழ்ப்பாண வீடுகளில் இதற்கு உதாரணம் தேடவேண்டியதில்லை. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் மிஞ்சியதை உண்ணும் தாய்க்குத் தாழ்மைப் பிரசங்கம் புதிதாக எதைக் கற்பிக்கும்?

இந்தியாவில் 1980களில் அரவிந்த் நிர்மல் போன்றோர் தொடங்கிவைத்த தலித் இறையியல் இதே கேள்வியைச் சாதியின் பக்கமிருந்து கேட்டது. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த பறட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவு, இதை நாட்டுப்புற இசையாலும் சமையலாலும் விளக்கினார். அவருடைய இறையியலின் மையம் ஒரே உலை: எல்லாரும் கொண்டுவந்ததை ஒரே பானையில் போட்டு, ஒன்றாகச் சமைத்து, ஒன்றாக உண்பது. இங்கே ஒருவரும் தாழவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கத் தனிச் சட்டிகள் இல்லை, அவ்வளவுதான்.

இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறையைச் சாதி வாரியாகப் பிரித்த சுவர் பல காலம் செய்தியாக இருந்தது. 2008 மார்ச் மாதம் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி எழுந்த மோதலில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதி இருப்பதை ஒப்புக்கொண்டது.

கதிரை கொடுக்காதவர்கள்

தாழ்மையைக் கொண்டுவந்தவர்களும் இந்தச் சோதனைக்குத் தப்பவில்லை. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்த வி. எஸ். அசரியா எழுந்து, மிஷனரிமார் இந்திய ஊழியரோடு கைகுலுக்குவதும் சேர்ந்து உண்பதும் அரிது என்று சபை நடுவே சொன்னார். பரலோகத்தில் சிங்காசனம் உண்டு என்று வாக்களிக்கிறீர்கள், உங்கள் வீட்டு வரவேற்பறையில் கதிரை தரமாட்டீர்கள் என்ற பொருளில் அவர் பேசியது சிலரைக் கோபப்படுத்தியது. இரண்டு வருடத்தில் அவர் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப் ஆனார்.

அதற்கு இரண்டு நூற்றாண்டு முன்பே வேறுவிதமாக வந்தவர் ஒருவர் உண்டு. கோவாவைச் சேர்ந்த பிராமணக் குடும்பத்துக் குருவானவர் யோசப் வாஸ், கத்தோலிக்கக் குருமாரை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த 1687இல், பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். வந்ததும் நோயில் விழுந்து, ஊராரின் கஞ்சியில் பிழைத்தார். சில்லாலையில் மறைந்திருந்து ஊழியம் செய்தார். வேடம் தற்காலிகத் தந்திரம் என்று நினைக்கலாம். ஆனால் பிற்காலத்தில் அவரை ஆயராக்க எண்ணியபோதும் அவர் இணங்கவில்லை. 2015 ஜனவரியில் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது இலட்சக்கணக்கானோர் கூடினார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் பங்களாவுக்கு மாற்றாக ஆசிரமங்கள் தோன்றின. 1921இல் திருப்பத்தூரில் டொக்டர் யேசுதாசனும் ஸ்கொட்லாந்துக்காரரான டொக்டர் ஃபாரெஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கி, ஒரே கூரையின் கீழ், ஒரே உணவோடு வாழ்ந்தார்கள். யாழ்ப்பாணத்திலும் கிறிஸ்தசேவா ஆசிரமம் அந்த வழியில் எழுந்தது. தெல்லிப்பழை மண்ணில் பிறந்த டி. ரி. நைல்ஸ், 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தொடக்க ஆராதனையில் பிரசங்கித்தவர். சுவிசேஷம் சொல்வது என்பது ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்குச் சோறு கிடைக்கும் இடத்தைக் காட்டுவது என்ற அவருடைய விளக்கம் உலகெங்கும் பரவியது. கொடுப்பவன் மேலே, வாங்குபவன் கீழே என்ற ஏற்பாட்டை அது குலைத்துவிடுகிறது.

அசரியா வெட்கப்பட்ட நாள்

ஒப்பிடுவது எப்போதும் கெடுதலே செய்யும் என்று முடிக்க முடியாமல் தடுப்பது யாழ்ப்பாணத்திலேயே நடந்த ஒரு சம்பவம். 1902இல், பிஷப் ஆவதற்குப் பல வருடம் முன், அசரியா அமெரிக்க ஊழியர் ஷெர்வூட் எடியோடு யாழ்ப்பாணம் வந்தார். இங்கே சிறிய சபைகளைச் சேர்ந்த மாணவர்கள் தாங்களே பணம் சேர்த்து, கடல் தாண்டித் தமிழ்நாட்டில் தொண்டிக்கு ஊழியர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பல மடங்கு பெரிய திருநெல்வேலிச் சபைக்கு அப்படி ஒரு முயற்சி இல்லையே என்று அவர் உள்ளம் குத்தியது. ஊர் திரும்பி, 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தை உருவாக்க முன்நின்றார். அந்தச் சங்கம் தென்னிந்தியாவில் பல மொழி மக்களிடையே வேலை செய்தது. டோர்ணக்கல்லில் அசரியாவின் பிஷப் பணிக்கும் அதுவே வழி திறந்தது.

பவுல் கொரிந்தியரிடம் எதிர்பார்த்தது இதைத்தான். அசரியா யாழ்ப்பாணத்தாரைப் பார்த்துத் தன்னை மட்டமாக எண்ணவும் இல்லை, பொறாமைப்படவும் இல்லை. அவர்களிடம் ஒரு வேலையைக் கற்றுக்கொண்டு போனார். ஒப்பிட்ட இருபக்கத்தாரும் முன்பைவிடக் குறைந்துபோகவில்லை. ஆயக்காரனைப் பார்த்த பரிசேயனுக்கு ஆயக்காரன் கீழேயே இருக்கவேண்டியிருந்தது.

இன்றைய வரிசைகள்

1995 ஒக்டோபர் 30 இரவு போரினால் இடம்பெயர்ந்து வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குள் வந்தபோது, ஆலயங்களும் பாடசாலைகளும் நிறைந்து வழிந்தன. சேலையால் பிரித்த நான்கு முழ இடத்தில் பேராசிரியரும் கூலித்தொழிலாளியும் அருகருகே படுத்தார்கள். 2000ஆம் ஆண்டுப் போரில் சாவகச்சேரி நகரமே தரைமட்டமானது. கொஞ்சக் காலத்துக்கு ஒப்பிடுவதற்கு யாரிடமும் அதிகம் இருக்கவில்லை.

மீளக் கட்டியபோது வரிசைகளும் திரும்பி வந்தன. புலம்பெயர்ந்தோர் பணம் ஆலயங்களை எழுப்பியது. அது இல்லாமல் பல இன்னும் கூரையின்றியே நின்றிருக்கும். அதோடு மின்விசிறியிலும் வாங்கிலும் ஒலிபெருக்கிப் பெட்டியிலும் உபயகாரர் பெயர் வந்தது. அறுப்புப் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைக்குலை சந்தை விலையைப் பல மடங்கு தாண்டுவது, நிதிக்கு மட்டுமல்ல, கேட்பவர் யார் என்று எல்லாரும் திரும்பிப் பார்ப்பதற்கும்தான். கத்தோலிக்கப் பெருநாளில் எந்த நவநாள் யாருடைய உபயம் என்பது தலைமுறை உரிமையாகப் பேசப்படுகிறது. சுயாதீன சபைகளில் சாட்சி நேரம் இருக்கிறது: கர்த்தர் எனக்கு விசா தந்தார், வீடு தந்தார். கேட்டுக்கொண்டிருக்கும் விசா கிடைக்காதவர் என்ன நினைப்பார் என்பது அந்தச் சாட்சியில் வருவதில்லை. பிள்ளைகளுக்கோ 2001 முதல் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி இருக்கிறது. சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு தூரம் என்பதையே அளக்கும் எண் அது. ஒப்பீடு அதன் வரைவிலக்கணத்திலேயே அடங்கியிருக்கிறது.

இந்தப் பட்டியலில் இருப்பவற்றில் சிலவற்றைச் சபைகள் நாளைக்கே மாற்றலாம். நன்கொடைப் பட்டியலைத் தொகை வரிசையில் போடாமல் அகர வரிசையில் போடலாம்; பெனடிக்ட் காட்டியதுபோல் பெருநாள் அடுப்படிக்கு முறை வைக்கலாம். பரீட்சையை மாற்ற முடியாது. ஆலய வளவுக்குள் பெறுபேற்றுப் பதாகை வேண்டுமா என்பதைச் செயற்குழு தீர்மானிக்கலாம். கிணற்றைச் சுற்றி நின்ற பிள்ளைகள் காட்டியது போல, ஏற்பாடு மாறினால் மனம் பின்னால் வருவதற்கு இடம் உண்டு.

ஆனால் ஏற்பாடு தொடாத ஓரிடம் மிஞ்சியிருக்கிறது. வாங்கில் சம ஆசனம் வந்துவிட்டது, திருவிருந்துக் கிண்ணமும் ஒன்றாகிவிட்டது. சம்பந்தம் பேசும்போது மட்டும் பழைய கணக்கு நடக்கிறது. ஞாயிறு பத்திரிகைகளின் மணமகள் தேவை விளம்பரங்களில் கிறிஸ்தவம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சாதிப் பெயரும் அச்சாகிறது. ஆலயத்தில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கும்போது தடை உண்டா என்று குருவானவர் கேட்கிறார். யாருக்கும் தடை இருப்பதில்லை, தடையானவர்கள் அந்த ஓலைக்கு முன்பே கழிக்கப்பட்டுவிட்டார்கள். போரில் தப்பிய விவாகப் பதிவேடுகளில் இரு வீட்டாரின் ஊரும் பெற்றோர் பெயரும் இருக்கின்றன. கடந்த ஐம்பது வருடத்தில் எத்தனை திருமணங்கள் சாதி எல்லையைத் தாண்டின என்பதை, மூப்பர் சங்கம் ஒன்று ஒரு சனிக்கிழமை பின்னேரம் அலுமாரியைத் திறந்து எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கை வந்த பிறகு அடுத்த ஞாயிற்றுப் பிரசங்கத்துக்கு வேறு தலைப்புத் தேடவேண்டியிராது.